இன்று முதல்

கோர்ட்டைச் சுற்றியிருக்கிற நான்கு தெருக்களிலும் அவளுக்கு டைப் அக்கா என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்தது. முப்பத்தோரு வருடமாக ஒரே வக்கீல் அலுவலகம், ஜன்னலோரத்தில் ஒரே மேசை. தட்டச்சு இயந்திரம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, அந்தக் கம்ப்யூட்டர் போய் வேறொன்று வந்தது. விரல்கள் மட்டும் அதே விரல்கள்.

"அக்கா அடிச்ச தாள்ல ஒரு பிழை காட்டுங்க, என் மீசையை எடுத்துடறேன்" என்று எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பந்தயம் கட்டுவார். பதினைந்து வருடமாக மீசைக்கு ஆபத்து வரவில்லை.

பிழை வராததற்கு ஒரு ரகசியம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியின் வாக்குமூலத்தை அடிக்கக் கொடுத்தார்கள். இரண்டாம் பக்கத்திலேயே இவளுக்குக் கண் நிறைந்து, தாளில் சொட்டி, மை பரவிப் பக்கமே பாழாகிவிட்டது. வக்கீல் அப்போது இளைஞர், தலையில் முடி இருந்த காலம். திட்டவில்லை. பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்: "இதையெல்லாம் படிக்காதேம்மா. அடி. படிச்சா அடிக்க முடியாது."

அதை அவள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் கண் எழுத்தை மட்டும்தான் பார்த்தது. கொம்பு சரியா, கால் விழுந்திருக்கிறதா, ஒற்று மிகுமா. அரிசியில் கல் பொறுக்குகிறவள் சோற்றின் ருசியையா நினைத்துக்கொண்டிருப்பாள்? கொலை, விவாகரத்து, பாகப்பிரிவினை எல்லாம் அவள் விரல் வழியாகப் போயின. ஒன்றும் மனதில் தங்கியதில்லை. "இன்னிக்கு என்ன கேஸ்?" என்று வீட்டுக்காரர் கேட்டால், "பதினாலு பக்கம்" என்பாள்.

இப்படி இருந்தவளைத்தான் ஐம்பத்திரண்டு வயதில் வகுப்புக்கு அனுப்பினார்கள்.

வக்கீல் அலுவலகங்களில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சட்டத்தின் அரிச்சுவடியாவது தெரிய வேண்டும் என்று வழக்கறிஞர் சங்கத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். செவ்வாயும் வியாழனும், மாலை ஆறிலிருந்து ஏழரை, சங்கத்து நூலக மாடியில். வக்கீல் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"போய்ட்டு வாம்மா. முடிச்சா சான்றிதழ் தருவாங்க, சுவத்துல மாட்டிக்கலாம்."

"பிழையில்லாம அடிச்சுத் தருவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க ஐயா. இல்லைன்னா அதையும் நான்தான் திரும்ப அடிக்கணும்."

வகுப்பில் இருபது பேர். பாதிக்கு மேல் குமாஸ்தாக்கள். கோர்ட் வராந்தாவில் நின்று வாதி பிரதிவாதி பெயரை மூன்று முறை கூப்பிடுகிற ஊழியரும் வந்திருந்தார். அவரை எல்லோரும் கூவி என்பார்கள். தாழ்ந்த குரலில் பேசுவது அவருக்கு மறந்தே போயிருந்தது. பாடம் எடுத்தவள் சட்டக் கல்லூரி விரிவுரையாளர், முப்பது வயதுக்குள் இருக்கும். முதல் நாள் பலகை முழுக்க ஒரு மரம் வரைந்தாள். அடியில் சட்டம். ஒரு கிளையில் அரசுக்கும் ஆளுக்கும் நடுவில் உள்ளது, இன்னொன்றில் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் உள்ளது. அதிலிருந்து குற்றவியல், உரிமையியல் என்று பிரிந்து பிரிந்து போயிற்று. என்ன உரிமை என்று சொல்கிற சட்டம் தனி, அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று சொல்கிற சட்டம் தனி.

"உங்க சைக்கிளை ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டார். இது குற்றவியலா, உரிமையியலா?" என்று கேட்டாள்.

கூவி எழுந்து, கட்டடத்துக்கே கேட்கிற மாதிரி, "திருப்பிக் கொடுக்கிற நினைப்புல எடுத்தானா, அமுக்கிடற நினைப்புல எடுத்தானா? அதை முதல்ல சொல்லுங்க மேடம்" என்றார்.

"அதைத்தான் சட்டமும் கேக்குது. உக்காருங்க. காது வலிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். டைப் அக்கா சிரிக்கவில்லை. அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிளை ஒவ்வொன்றிலும் தான் அடித்த தாள்கள் தொங்குவது அவளுக்குத் தெரிந்தது. கட்டுக்கட்டாக அடித்ததெல்லாம் ஏதோ ஒரு மரத்தினுடையது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

அந்த வாரம்தான் அவளுடைய பெரியக்கா போன் செய்தாள்.

பெரியக்கா தையற்காரி. கணவன் போன பிறகு பள்ளிக்கூடச் சீருடை தைத்தே ஒரு வீட்டைக் கட்டியவள். கீழே இரண்டு அறை, மேலே ஒன்று. தெருவைப் பார்த்த அறையில் மெஷின், அதன் மேல் சுவரில் ஆணியடித்துத் தொங்கும் அளவு நாடா. மகன் வேறு ஊரில் வேலையாக இருந்தான். மகள் போன மாதம் ஒரு பெட்டியோடு வந்து இறங்கியிருந்தாள். புருஷன் வீட்டுக்கு இனிப் போவதாக இல்லை. ஏன் என்று பெரியக்கா கேட்கவில்லை. இரண்டாவது மெஷின் ஒன்று வாங்கிப் போட்டாள், அவ்வளவுதான்.

"சின்னவளே, ஞாயித்துக்கிழமை வா" என்றாள் போனில். "நாலு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு ஆபரேஷன் ஆனப்போ ஒரு பத்திரம் அடிச்சியே, அதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற அடிக்கணும். மேல்வீடு அவனுக்கு, கீழ்வீடு இவளுக்கு. பொண்ணுக்கும் நிக்க ஒரு இடம் வேணும்ல?"

"ஆகட்டும்கா. பத்து நிமிஷ வேலை."

வியாழக்கிழமை வகுப்பில் சொத்து பற்றிய பாடம். அசையும் சொத்து, அசையாச் சொத்து. கூவி தன் தொந்தியைத் தட்டி இது எந்த வகை என்று கேட்டு ஒரு ஆட்டம் போட்டு முடித்தார். பிறகு விரிவுரையாளர் பலகையில் இரண்டு வாக்கியங்கள் எழுதினாள்.

*என் வீட்டை இன்று முதல் என் மகனுக்குக் கொடுக்கிறேன்.*

*என் மறைவுக்குப் பிறகு என் வீடு என் மகனைச் சேர வேண்டும்.*

"என்ன வித்தியாசம்?"

"ரெண்டாவதுல அப்பன் வீட்டுக்காரன்" என்றார் கூவி. "முதல்ல இருக்கிற அப்பன் விருந்தாளி."

"ரொம்பச் சரி. முதலாவது கொடை. கொடுத்தாச்சு, வாங்கியாச்சு, பதிவும் பண்ணியாச்சுன்னா அந்த நிமிஷமே வீடு கைமாறிடும். அப்பறம் மனசு மாறிடுச்சுன்னு கேக்க முடியாது. ரெண்டாவது உயில். உயிரோட இருக்கிற வரைக்கும் எத்தனை தடவை வேணும்னாலும் கிழிச்சுட்டு எழுதலாம்."

டைப் அக்கா கையைத் தூக்கினாள். அந்த வகுப்பில் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"தலைப்புல கொடைன்னும் இல்லை, உயில்னும் இல்லை. வேற ஏதோ பேர் போட்டிருந்தா?"

"தலைப்பு சட்டை மாதிரிங்க அக்கா. உள்ளே இருக்கிற ஆள் யாருன்னு வினைச்சொல்லைப் பார்த்தாத்தான் தெரியும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேனா விரலிலிருந்து நழுவிப் பெஞ்சுக்கடியில் உருண்டது. எடுக்கத் தோன்றவில்லை. எதிரே சுவர்க் கடிகாரத்தில் ஏழே கால். விரிவுரையாளரின் வாய் அசைந்தது, கூவியின் வாயும் அசைந்தது. கூவி பேசுவதே காதில் விழாத மாதிரி ஒரு நிலை அவளுக்கு வந்துவிட்டது.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மதிய இடைவேளை. அதே ஜன்னலோர மேசை. ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு பெரியக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் பிறகு வீடு பையனுக்குன்னு ஒண்ணு அடிச்சுடு. எதுக்கும் இருக்கட்டும்."

இவள் திரையில் உயில் என்று அடித்தாள். பெரியக்கா எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஐயோ, அந்த வார்த்தையை எடுடி. சாவுச்சீட்டு மாதிரி இருக்கு. கத்தி வைக்கறதுக்கு முன்னாடியே என்னை அனுப்பி வெச்சுடுவே போலிருக்கே. வேற நல்ல வார்த்தையே இல்லையா?"

இவள் சிரித்துக்கொண்டே அதை அழித்தாள். குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம் என்று போட்டாள்.

"இது லட்சணமா இருக்கு. அப்பறம் இது என்ன, 'என் ஆயுளுக்குப் பின்'? இதையும் எடு. எப்படியும் பின்னாடிதானே, அதை எழுதி வேற வைக்கணுமா?"

அதையும் எடுத்தாள். இரண்டு நாளில் மயக்க ஊசி போட்டுக்கொள்ளப் போகிற அக்கா. கேட்டதைச் செய்யாமல் எப்படி இருப்பது? எடுத்த இடத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. உயிரோடிருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கிற ஏற்பாட்டுப் பத்திரங்களை நூற்றுக்கணக்கில் அடித்துப் பழகிய விரல்கள், அவளைக் கேட்காமலே அந்த ஓட்டையை அடைத்தன.

வெள்ளிக்கிழமை காலை, அலுவலகம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து நகலைத் தேடி எடுத்தாள். நின்றுகொண்டே படித்தாள். அடிப்பதற்காகப் பார்க்கிற பார்வை வேறு, படிக்கிற பார்வை வேறு என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு சொல்லும் மெதுவாக எழுந்து நின்று முகத்தைக் காட்டியது. *இன்று முதல் மேற்படி வீட்டை நீயே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இனி எனக்கு அதில் யாதொரு உரிமையும் இல்லை.* கீழே பெரியக்காவின் கோணல் கையெழுத்து. ஏற்றுக்கொண்டேன் என்று மகனின் கையெழுத்து. பதிவு அலுவலக முத்திரை. சம்மதமா என்று பதிவாளர் கேட்டதும், சம்மதம் சம்மதம் என்று பெரியக்கா இரண்டு தடவை சொல்லி அவரைச் சிரிக்க வைத்ததும் நினைவுக்கு வந்தன.

பக்கம் முழுக்க ஒரு பிழை இல்லை. ஒற்றெல்லாம் சரியாக மிகுந்திருந்தது.

அவள் நாற்காலியில் உட்கார முயன்று, நாற்காலி இல்லாத இடத்தில் உட்கார்ந்து தரையில் விழுந்தாள். உள்ளே வந்த வக்கீல் பதறிப்போய்க் கைகொடுத்துத் தூக்கினார். அவள் தாளை நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை யாரு அடிச்சது?"

"நான்தான் ஐயா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே?"

"சாப்பாட்டு நேரத்துல அடிச்சேன். நம்ம வீட்டு விஷயத்துக்கு உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு..."

வக்கீல் வழுக்கையைத் தடவிக்கொண்டார். ஏதாவது சொல்லித் திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"முப்பத்தோரு வருஷமா ஊரான் வீட்டுப் பத்திரம் எல்லாம் இந்த மேசையில அடிச்சே. உங்கக்கா வீடு போச்சே, உனக்குத் தெரியலையா?"

"நீங்கதானே ஐயா படிக்காதேன்னு சொன்னீங்க."

அவர் எப்போது சொன்னோம் என்று யோசிப்பவர் போல ஜன்னலைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் வழி சொன்னார். மகனே மனமுவந்து திருப்பி எழுதிக் கொடுத்தால் தொல்லையில்லை. இல்லையென்றால், கொடுத்தவள் நினைத்தது ஒன்று, தாளில் விழுந்தது ஒன்று என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

"தப்பு நடந்தது உனக்கு எப்போ தெரிஞ்சுது? தேதி, நேரத்தோட சொல்லு. காலக்கெடு அங்கிருந்துதான் ஓட ஆரம்பிக்கும்."

"நேத்து சாயந்தரம். ஏழே காலுக்கு."

"சரி. அதை யாரு சொல்லணும் தெரியுமா? அடிச்சவ சொல்லணும். கூண்டுல ஏறி, அர்த்தம் தெரியாமத்தான் அடிச்சேன்னு நாலு பேருக்கு முன்னாடி சொல்லணும். கோர்ட் பூரா உன் பேரு சந்தி சிரிக்கும். யோசிச்சுக்கோ."

சனிக்கிழமை அவள் அக்கா மகனுக்குப் போன் செய்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று நான்கு முறை ஒத்திகை பார்த்திருந்தாள். ஒத்திகைக்கே வேலையில்லாமல் போயிற்று.

"தெரியும் சித்தி" என்றான் அவன், வெயில் அடிக்கிறது என்று சொல்கிற குரலில். "நான் அன்னிக்கே படிச்சுப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டேன்."

"அன்னிக்கேவா? ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்ன சொல்றது? அம்மா கொடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். நீங்கதானே அடிச்சீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

"அதை அம்மா பேருக்கே திருப்பி எழுதிக் கொடுத்துடேன்பா" என்றாள்.

"இங்க பாருங்க சித்தி, அம்மா இருக்கிற வரைக்கும் இருக்கட்டும், நான் எதுவும் சொல்லலை. ஆனா தங்கச்சி அங்கயே டேரா போடறது சரிப்படாது. நாலு மாசம், அஞ்சு மாசம் பொறுத்துப்பேன். அப்பறம் அவ வேற இடம் பாத்துக்கணும். என் வீட்ல என்ன பண்றதுன்னு எனக்கு ஒரு யோசனை இருக்கு."

என் வீடு. எவ்வளவு சுலபமாக வந்தது அவன் வாயில்! இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்த பிள்ளை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டாக்டர் விளையாட்டு விளையாடிய பிள்ளை. போனை வைத்த பிறகும் அவள் கை காதோரத்திலேயே இருந்தது. வீட்டுக்காரர் வந்து, "என்ன, எத்தனை பக்கம்?" என்று கேலியாகக் கேட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் போய்த் தண்ணீர் எடுத்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியக்கா வெள்ளைத்தாள் எல்லாம் வாங்கித் தயாராக வைத்திருந்தாள். மகள் உள்ளறையில் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். டைப் அக்கா செருப்பைக் கழற்றவும் மறந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெரியக்கா முதலில் சிரித்தாள்.

"போடி, பைத்தியக்காரி. நான் செங்கல் செங்கலா வெச்சுக் கட்டின வீடு. தாளு சொன்னா ஆயிடுமா?"

"ஆயிடுச்சுக்கா. நாலு வருஷமாச்சு."

உள்ளே மெஷின் நின்றது. பெரியக்கா கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள், எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்ப வைத்தாள். சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.

"அப்போ இந்த வீட்ல நான் யாரு?"

அந்தக் கேள்விக்கு விரிவுரையாளரின் பலகையில் ஒரு சொல் இருந்தது. அனுமதியின் பேரில் வசிப்பவர். அதை அக்காவின் முகத்துக்கு நேரே சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை.

"பையனுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியுமாம்."

வீடு போனதற்குக்கூட அசையாத பெரியக்கா, இதைக் கேட்டதும் அப்படியே மெஷின் மேல் சாய்ந்துவிட்டாள். மகள் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் பெரியக்காதான் தலையைத் தூக்கினாள்.

"அடிக்கத் தெரிஞ்சவளுக்கு இதைத் திருப்பி அடிக்கத் தெரியாதா?"

"தெரியும்கா. ஆனா இந்தத் தடவை நீ வாய் திறந்து சொல்லணும்."

திங்கட்கிழமை காலை பெரியக்கா, நான்கு வருடத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். வக்கீல் பின்னால் நின்றார். டைப் அக்கா முதலில் வழக்கின் தலைப்பை அடித்தாள். மேலே அக்காவின் பெயர், வாதி. கீழே அக்கா மகனின் பெயர், பிரதிவாதி. நடுவில் 'எதிர்' என்ற சொல். ஆயிரம் முறை அடித்த மூன்றெழுத்துச் சொல். ஒவ்வொரு எழுத்துக்கும் விரலைத் தேடி வைக்க வேண்டியிருந்தது.

பெரியக்கா திரையைப் பார்த்து அதிர்ந்தாள். "எதிர்னா? என் புள்ள எனக்கு எதிரியா?"

"இல்லக்கா. எதிர்ல நிக்கறவன். அவ்வளவுதான் அர்த்தம்."

அடுத்தது அக்காவின் பிரமாணப் பத்திரம். டைப் அக்கா விரல்களை மேசையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அன்னிக்கு என்கிட்ட என்ன அடிக்கச் சொன்னே?"

பெரியக்கா முந்தானையைத் திருகினாள். "அதான் தெரியுமே உனக்கு. எனக்குப் பிறகு..."

"பிறகுன்னா எப்போ?"

"என்னை ஏண்டி பாடாப் படுத்தறே?"

"நீ சொல்றதைத்தான் அடிப்பேன். நானா எதையும் நிரப்ப மாட்டேன்."

வராந்தாவில் கூவி யாரோ ஒருவர் பெயரை மூன்றாவது முறையாகக் கூப்பிட்டது இங்கே வரை கேட்டது. பெரியக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் செத்த பிறகு வீடு அவனுக்குன்னு சொன்னேன். உசுரோட இருக்கும்போது கொடுக்கச் சொல்லலை. செத்த பிறகு. போடு. பெருசாவே போடு."

போட்டாள். அதற்கடுத்துத் தன்னுடைய பிரமாணப் பத்திரத்தையும் அடித்தாள். மேற்படி பத்திரத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான், சகோதரி நீக்கச் சொன்ன சொற்களை நீக்கி அவர் சொல்லாத சொற்களைச் சேர்த்தேன், அதன் பொருள் எனக்கு அப்போது தெரியாது. அடிக்க அடிக்கப் படித்தாள். கண் நிறைந்தது. தாள் இல்லை, திரைதான் என்பதால் எதுவும் பரவவில்லை. வக்கீல் தன் அறைக்குப் போனார். வாசலில் திரும்பி, "இது நிக்கும்மா. நீ நின்னா நிக்கும்" என்றார்.

"நிப்பேன் ஐயா."

நகல் எடுக்க எதிர்க்கடைக்கு அவளே போனாள். ஜெராக்ஸ்காரர் வழக்கம்போல் தாளை வாங்கி, வழக்கமில்லாமல் அதில் ஒரு வரியைப் படித்துவிட்டார். இயந்திரத்தின் வெளிச்சம் அவர் முகத்தில் பச்சையாக ஓடி நின்றது. கை தானாக மீசைக்குப் போயிற்று.

"அக்கா, என்ன இது? தப்பா அடிச்சேன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க?"

"ஆமாம் தம்பி."

"அப்போ என் மீசை?"

டைப் அக்கா தாள்களை வாங்கி, வரிசை சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மீசை இருக்கட்டும். எழுத்துப் பிழை ஒண்ணும் இல்லையே."